தஞ்சை மராத்திய அரசு: எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ராஜராஜ சோழன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அரண்மனைப் பக்கம் வருபவர்கள், அங்கே தலைப்பாகையும் வாளுமாக நிற்கும் மராத்திய அரசர்களின் படங்களைக் கண்டு குழம்பிப் போகிறார்கள். இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள், எப்போது போனார்கள் என்று கேட்கிறார்கள். சுமார் 180 ஆண்டுகள் காவிரிப் படுகையை ஆண்ட வம்சம் இது. பலமுறை காதில் விழுந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மராத்தியர்கள் தஞ்சாவூருக்கு எப்படி வந்தார்கள்?

படையெடுத்து நாடு பிடிக்க வந்தவர்கள் அல்லர். இன்னொருவருக்கு அரியணை வாங்கித் தர வந்தவர்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு முன்னால் தஞ்சையை நாயக்கர்கள் ஆண்டார்கள். கடைசி நாயக்கர் விஜயராகவர். மதுரை நாயக்கரான சொக்கநாதர் அவருடைய மகளைப் பெண் கேட்டார், விஜயராகவர் மறுத்தார், அதுவே போரில் முடிந்தது என்று சொல்வார்கள். 1673ல் மதுரைப் படை தஞ்சைக் கோட்டைக்குள் புகுந்தது. தோல்வி உறுதி என்று தெரிந்ததும், அந்தப்புரத்துப் பெண்கள் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று விஜயராகவர் வெடிமருந்து வைத்து அவர்களை மாய்க்கச் செய்தார். பிறகு அவரும் களத்தில் வீழ்ந்தார். தஞ்சையை ஆளச் சொக்கநாதர் அளகிரி என்ற தன் உறவினரை அமர்த்தினார். அளகிரியோ கொஞ்ச நாளில் மதுரைக்கே கட்டுப்படாமல் போய்விட்டார்.

அந்த அழிவில் தப்பிய சிறுவன் செங்கமலதாசன், விஜயராகவரின் வம்சத்தவன். ராயசம் வெங்கண்ணா என்ற அதிகாரி அவனை அழைத்துக்கொண்டு பீஜப்பூர் சுல்தானிடம் போய் முறையிட்டார். சுல்தான் தன் தளபதி ஏகோஜியை அனுப்பினார். ஏகோஜி வந்து அளகிரியை விரட்டினார், செங்கமலதாசனை அமர்த்தினார். அப்புறம் அரியணையைத் தானே எடுத்துக்கொண்டார். இது நடந்தது 1675-76ல். அழைத்து வந்தவர்களுக்கே மனக்கசப்பு வந்ததும், அரண்மனைக்குள் இருந்த பூசலும் அவருக்கு வழிவிட்டன. உதவிக்கு வந்தவர் உரிமைக்காரராக மாறிய இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே வம்சத்துக்கு இதே முறையில்தான் பின்னால் முடிவு வந்தது.

ஏகோஜிக்கும் சத்ரபதி சிவாஜிக்கும் என்ன உறவு?

ஒரே தந்தை, வேறு வேறு தாய். சகஜி போன்ஸ்லேயின் மகன்கள் இருவரும். ஏகோஜியை வெங்கோஜி என்றும் சொல்வார்கள்.

சிவாஜி 1677ல் தெற்கே படையோடு வந்தார். செஞ்சியைப் பிடித்தார், வேலூரையும் முற்றுகையிட்டார். கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்தார். தந்தையின் சொத்தில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஏகோஜி ஒருநாள் இரவில் ஆற்றைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். சிவாஜி போனபின், அவர் விட்டுச்சென்ற படையோடு ஏகோஜி வாலிகண்டபுரத்தில் மோதினார். பகலில் வென்று இரவில் தோற்றார். கடைசியில் சமாதானமாயிற்று. அதற்கு ஏகோஜியின் மனைவி தீபாபாயின் அறிவுரை பெரிய காரணம் என்கிறார்கள். தோல்விக்குப் பிறகு மனம் சோர்ந்து கிடந்த தம்பிக்கு, இப்படி முடங்கிக் கிடக்காதே என்று சிவாஜி கடிதமும் எழுதினார். சண்டை போட்ட அண்ணன் தம்பி உறவு முற்றிலும் அறுந்துபோகவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

மொத்தம் எத்தனை பேர் ஆண்டார்கள்?

ஏகோஜி 1684 வரை ஆண்டார். அவருடைய மூன்று மகன்கள் அடுத்தடுத்து அரசரானார்கள்: சகஜி (1684-1712), முதலாம் சரபோஜி (1712-1728), முதலாம் துளஜா (1728-1736). பிறகு மூன்றாண்டுக் குழப்பம். அதன்பின் பிரதாப் சிங் (1739-1763), இரண்டாம் துளஜா (1763-1787, நடுவில் மூன்றாண்டு அரியணை இல்லாமல்), அமர்சிங் (1787-1798), இரண்டாம் சரபோஜி (1798-1832), கடைசியாகச் சிவாஜி (1832-1855). நாம் பேச்சுவழக்கில் 'சரபோஜி மன்னர்' என்று சொல்வது இரண்டாம் சரபோஜியை.

சகஜியின் காலத்தை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

அவர் படித்தவர், எழுதியவர், பாடியவர். தாய்மொழி மராத்தி என்றாலும், நாயக்கர் காலத்திலிருந்து அரசவையில் வேரூன்றியிருந்த தெலுங்கிலேயே நிறைய எழுதினார். திருவாரூர் தியாகராசர்மேல் அவருக்கு அளவில்லாத பக்தி. அந்தப் பெருமானைப் பாட்டுடைத் தலைவராக வைத்து நாட்டியத்துக்கு ஏற்ற நாடகங்கள் இயற்றினார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள திருவிசநல்லூரை 1693ல் நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட அறிஞர்களுக்குக் குடியிருப்போடு தானமாகக் கொடுத்தார். அதனால் அந்த ஊருக்குச் சகஜிராஜபுரம் என்றும் பெயர். ராமபத்ர தீட்சிதரும், இன்றும் ஊரார் பக்தியோடு நினைக்கும் ஸ்ரீதர ஐயாவாளும் அந்த ஊரோடு சேர்ந்தவர்கள். அவருடைய தம்பி துளஜாவும் இசை இலக்கணம் எழுதியவர். கர்நாடக இசை பின்னால் அடைந்த வளர்ச்சிக்கு இந்தச் சகோதரர்கள் போட்ட அடித்தளம் பெரியது. மண் விளைந்தது, அரசருக்கும் கலையில் ருசி இருந்தது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அடிக்கடி நடப்பதில்லை.

1736 முதல் 1739 வரை என்ன குழப்பம்?

முதலாம் துளஜா இறந்தபின் மகன் இரண்டாம் ஏகோஜி ஓராண்டு ஆண்டார். அவர் இறந்ததும் மனைவி சுஜான் பாய் 1737-38ல் ஆண்டார். அவரை இறக்கிவிட்டு, சகஜி என்ற பெயரில் உரிமை கோரிய ஒருவரை அமர்த்தினார்கள். அவரை மக்கள் காட்டுராஜா என்றார்கள். இந்தப் பொம்மலாட்டத்தின் கயிறு கோட்டைத் தளபதி சையத் கையில் இருந்தது. 1739ல் பிரதாப் சிங் அரசரானார், சிறிது காலத்தில் சையத்தை ஒழித்தார்.

ஆனால் அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. தஞ்சை அரியணைக்குப் போட்டி இருக்கிறது, பணமும் படையும் கொடுத்தால் ஊர்கள் கிடைக்கும் என்பது வெளியாருக்குப் புரிந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த 1739லேயே காரைக்காலைப் பெற்றார்கள். 1749ல் காட்டுராஜா ஆங்கிலேயக் கம்பெனியிடம் போய் உதவி கேட்டார். கம்பெனி படை அனுப்பி, கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த தேவிகோட்டையைப் பிடித்தது. பிறகு பிரதாப் சிங்கோடு பேசி, தேவிகோட்டையைத் தானே வைத்துக்கொண்டு, காட்டுராஜாவைக் கைவிட்டது. அவருக்கு ஒரு சிறு மானியம் ஏற்பாடாயிற்று. இளம் லெப்டினன்டாக ராபர்ட் கிளைவ் அந்தச் சண்டையில் இருந்தார். உள்நாட்டு வாரிசுச் சண்டையில் நுழைந்தால் லாபம் உண்டு என்ற பாடத்தைக் கம்பெனி தென்னாட்டில் படித்த இடம் தேவிகோட்டை என்பது என் கருத்து.

அப்படியென்றால் பிரதாப் சிங் பலவீனமானவரா?

இல்லை. இந்த வரிசையில் அரசியல் தெரிந்தவர் என்றால் அவரைத்தான் சொல்வேன். கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயருக்கும் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கும் துணை நின்றார். தஞ்சையைப் பலமுறை மிரட்டிப் பணம் கேட்ட சந்தா சாகிப், 1752ல் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது தஞ்சைத் தளபதி மானோஜியிடம். அங்கேயே அவர் தலை வெட்டப்பட்டது. 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பினார்.

பிரதாப் சிங் செய்த ஒரே பிழை, தான் தூக்கிவிட்ட நவாப் தனக்கு மேலாளராக வருவார் என்று எதிர்பார்க்காதது. அதைப் பிழை என்று சொல்வதுகூட நியாயமில்லை. அன்றைக்கு இருந்த இரண்டு அணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருந்தது.

அவ்வளவு வளமான நாடு எப்படிக் கடனில் மூழ்கியது?

இந்தக் கேள்வியில்தான் வம்சத்தின் வீழ்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

தஞ்சை முன்பு முகலாயருக்கு, அதாவது அவர்கள் சார்பில் ஆற்காட்டு நவாபுக்கு, பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டிவந்தது. வலுவானவர் கேட்டால் கொடுப்பது, இல்லாவிட்டால் தட்டிக்கழிப்பது என்று அது ஓடிக்கொண்டிருந்தது. 1762ல் கம்பெனி நடுவில் நின்று ஓர் ஒப்பந்தம் எழுதியது. பழைய பாக்கி 22 லட்சம் ரூபாய், இனி ஆண்டுக்கு 4 லட்சம். ஒப்பந்தத்துக்குக் கம்பெனியே ஜாமீன். அதுவரை பேரம் பேசக்கூடியதாக இருந்த கப்பம், அன்றிலிருந்து எழுத்தில் ஏறிய கடனாக மாறிவிட்டது. தவணை தவறினால் படையோடு வர ஒரு காரணம் கிடைத்தது.

நவாப் முகமது அலியே கழுத்துவரை கடனில் இருந்தார். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்கள், தங்கள் சொந்தப் பணத்தை அதிக வட்டிக்கு விட்டவர்கள். நவாபின் கஜானா காலி என்பது அவர்களுக்குத் தெரியும். தஞ்சையின் நெல் நவாப் கைக்கு வந்தால் தங்கள் பணம் திரும்பும் என்றும் தெரியும். ஆகவே தஞ்சை பிடிபட வேண்டும் என்று சென்னையிலேயே பலர் விரும்பினார்கள்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். படுகைக்குத் தண்ணீர் கொடுக்கும் கல்லணைப் பகுதி திருச்சியைச் சேர்ந்தது, திருச்சி நவாபுடையது. அணைக்கட்டுக் கரையைப் பழுது பார்க்கத் தஞ்சைக்காரர்கள் நவாபின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதுவே ஒரு தகராறாகிக் கம்பெனி வரை போனது. கரை உடைந்தால் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி வீணாகிவிடும், கீழே வயல் காய்ந்துவிடும். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லணை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் தஞ்சாவூரின் சோறு இருக்கிறது.

1773ல் தஞ்சாவூர் ஒருமுறை பறிபோனதாமே?

ஆமாம். 1771ல் இரண்டாம் துளஜா, தன்னிடமிருந்து பறிபோன ஊர்களை மீட்க ராமநாதபுரத்தின்மேல் படை எடுத்தார். அதைக் காட்டி நவாபும் கம்பெனியும் தஞ்சையை முற்றுகையிட்டார்கள். பாக்கியோடு படைச் செலவையும் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டு துளஜா தப்பினார். பணம் திரட்ட நாகூரை டச்சுக்காரர்களுக்கு விற்கும் நிலை வந்தது. அதையே குற்றமாகக் காட்டி 1773 செப்டம்பரில் மறுபடி வந்தார்கள். கோட்டை வீழ்ந்தது, துளஜா சிறைப்பட்டார், தஞ்சை நவாபின் நாடாயிற்று.

லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு இது பிடிக்கவில்லை. தஞ்சையைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு போட்டு, பிகாட் பிரபுவைச் சென்னை ஆளுநராக அனுப்பினார்கள். அவர் 1776 ஏப்ரலில் நேரே தஞ்சாவூருக்கே வந்து துளஜாவை அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர், நவாப் தனக்குத் தஞ்சை வருமானத்தை அடமானம் வைத்திருக்கிறார், நிற்கும் பயிரும் தன்னுடையது என்று பெருந்தொகைக்கு உரிமை கோரினார். பிகாட் மறுத்தார். ஆலோசனைச் சபையில் பெரும்பான்மையினர் பென்ஃபீல்டு பக்கம். ஆகஸ்டில் தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். பிகாட் 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். 1785ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசும்போது பென்ஃபீல்டைக் கடுமையாகச் சாடினார். நம் குறுவை, சம்பா நெல்லுக்காக ஓர் ஆளுநர் சிறையில் செத்திருக்கிறார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அரியணை திரும்பியதால் துளஜா பழைய துளஜா ஆகிவிடவில்லை. கம்பெனிப் படை கோட்டைக்குள் தங்கியது. அதற்கு ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் என்ற பொற்காசு கொடுக்க வேண்டும். நாகூர்ப் பக்கத்தில் 277 கிராமங்களும் கம்பெனிக்குப் போயின.

ஹைதர் அலி வந்தபோது என்ன நடந்தது?

1781ல் தஞ்சைக் கோட்டை ஒன்றைத் தவிர நாடு முழுவதும் ஹைதர் அலி கையில் இருந்தது. பயிரைக் கொளுத்தினார்கள், ஏரி, வாய்க்கால் கரைகளை உடைத்தார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஆட்களையும் பிடித்துப் போனார்கள். 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அன்னகுடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு முறியடித்தார்.

கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் வைத்திருந்த குடியானவர்கள் கொண்டுவர மறுத்தார்கள், ஏனென்றால் முன்பு கொடுத்த நெல்லுக்கே அரண்மனை பணம் தரவில்லை. அப்போது சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், பணத்துக்குத் தான் பொறுப்பு என்று சொன்னார். வண்டிகள் வந்தன. அரசர் சொல்லுக்கு இல்லாத மதிப்பு ஒரு பாதிரியார் சொல்லுக்கு இருந்தது. ஒரு ராஜ்யம் உள்ளுக்குள் முடிந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

போர் முடிந்தும் குடிகளுக்கு விடிவு வரவில்லை. வரிவசூல் பட்டக்தார்கள் என்ற வரிப் பொறுப்பாளர்கள் கைக்குப் போயிற்று. அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அவர்களைத் திரும்ப அழைக்கவும் சுவார்ட்ஸே போய்ப் பேச வேண்டியிருந்தது.

அமர்சிங், சரபோஜி: யாருக்கு உரிமை?

துளஜாவின் பிள்ளைகள் எல்லாம் இறந்துவிட்டார்கள். 1787 ஜனவரியில், சாகும் தறுவாயில், போன்ஸ்லே குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவனைத் தத்தெடுத்துச் சரபோஜி என்று பெயரிட்டு, சுவார்ட்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒற்றைப் பிள்ளையைத் தத்தெடுத்தது சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னதை ஏற்று, துளஜாவின் மாற்றாந்தாய் மகன் அமர்சிங்கைக் கம்பெனி அமர்த்தியது. பதினோரு ஆண்டு கழித்து வேறு பண்டிதர்களைக் கேட்டு, தத்து செல்லும் என்று முடிவு செய்தது. அமர்சிங் இறக்கப்பட்டுத் திருவிடைமருதூரில் மானியத்தோடு குடியிருந்தார்.

இரண்டு முடிவுகளிலும் கம்பெனிக்கு லாபம் இருந்தது. அரசராவதற்கு ஒவ்வொருவரும் எதையாவது விட்டுக்கொடுத்தார்கள்.

1799 ஒப்பந்தத்தில் சரபோஜி எதை இழந்தார்?

நாட்டை. 1799 அக்டோபர் 25 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி வரி, நீதி, நிர்வாகம் எல்லாம் கம்பெனிக்கு. அரசருக்குத் தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். அவருக்கு அப்போது வயது 22. பட்டம் 1855 வரை நீடித்தாலும், அரசு முடிந்தது இங்கேதான்.

நாடில்லாத அரசர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் என்ன செய்தார்?

படித்தார், சேர்த்தார், பிறருக்குப் பயன்படும்படி வைத்தார். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

நாயக்கர் காலத்து ஏட்டுச் சுவடிகள் அரண்மனையில் ஏற்கெனவே இருந்தன. சரபோஜி அதைச் சரசுவதி மகாலாக வளர்த்தார். 1820ல் சுமார் 3000 பேரோடு காசிக்குப் புறப்பட்டவர், போகிற இடமெல்லாம் சுவடிகளைப் படியெடுக்கவும் வாங்கவும் ஏற்பாடு செய்தார். ஐரோப்பாவிலிருந்து 4000க்கும் மேற்பட்ட அச்சு நூல்களை வரவழைத்தார். பலவற்றில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. சுவார்ட்ஸிடமும், பின்னர் சென்னையிலும் கற்ற ஆங்கிலம் அதற்கு உதவியது.

தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் நம் மருத்துவமும் மேற்கத்திய மருத்துவமும் பக்கம் பக்கமாக நடந்தன. கண் நோயாளிகளின் விவரக் குறிப்புகளும், அவர்களுடைய கண்களை வண்ணத்தில் வரைந்த படங்களும் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். 1805ல் தேவநாகரி அச்சகம் நிறுவினார். ஈசாப் கதைகள் அங்கே மராத்தியில் அச்சாகின. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் இந்த அரசவையில் வளர்ந்தவர்கள். இன்று பரதநாட்டிய மேடையில் அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை போகும் முறை அவர்கள் ஒழுங்குபடுத்தியது.

நாட்டைக் கொடுத்தபோதும் சத்திரங்களை மட்டும் தன் பொறுப்பில் விடும்படி கேட்டு வாங்கினார். ராமேசுவரம் போகும் வழியில் அரச குடும்பம் கட்டிய சத்திரங்கள் அவை. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், அவர் அன்பு வைத்திருந்த முக்தாம்பாள் என்ற பெண்ணின் நினைவாக எழுந்தது. 1801ல் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதியாருக்கும் சோறு, நோயாளிக்கு மருந்து, வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பராமரிப்பு, பெற்றோர் இறந்துபோன குழந்தைகளுக்கு வளர்ப்பு. நல்ல அரசு செய்ய வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. கையில் அரசு இல்லாத காலத்தில் அதைச் செய்தார்.

மனோரா எதற்காகக் கட்டினார்கள்?

நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட. சேதுபாவாசத்திரத்துக்கு அருகே கடலோரத்தில் 1814-15ல் எழுந்த எட்டு நிலைக் கோபுரம். 'மினார்' என்ற சொல்தான் மனோரா ஆயிற்று.

சாம்பார் இவர்கள் கண்டுபிடித்ததா?

சத்ரபதி சிவாஜியின் மகன் சாம்பாஜி தஞ்சைக்கு விருந்தாளியாக வந்தபோது, அவர் பெயரால் சாம்பார் பிறந்தது என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. சாம்பாஜி ஆண்ட 1681-1689 முழுவதும் அவுரங்கசீப்போடு போரில் கழிந்தது. சரபோஜி அரண்மனைச் சமையல் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. கிச்சடி, கங்காளம், கில்லாடி போன்ற சொற்களை மராத்தி வழி வந்தவையாகத் தமிழ் இலக்கண நூல்கள் காட்டுகின்றன. கதாகாலட்சேபமும் மராத்தியக் கீர்த்தன முறையைப் பார்த்து வளர்ந்தது. சாம்பாரை மட்டும் நிச்சயமாக எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

1855ல் என்ன நடந்தது?

கடைசி அரசர் சிவாஜி அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று இறந்தார். ஆண் வாரிசு வேண்டும் என்று ஒரே சமயத்தில் பதினேழு பெண்களை மணந்தவர் அவர். அப்படியும் பிள்ளை இல்லை. இரண்டு மகள்கள் இருந்தார்கள். ரெசிடென்ட் ஃபோர்ப்ஸ், மகளுக்குப் பட்டம் தரலாம் என்று எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலம், வாரிசில்லை என்று அரசுகளைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். தஞ்சை அரசு முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சுஜான் பாய் இதே அரியணையில் இருந்து ஆண்டிருக்கிறாரே, மகள் ஏன் கூடாது என்று இன்றைக்குப் படிக்கும்போதும் கேட்கத் தோன்றுகிறது.

ராணிகள் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்களாமே?

பட்டம் போனதோடு நிற்கவில்லை. 1856ல் அரண்மனையைப் படையால் சூழ்ந்து, நகை, நிலம், ஆயுதம் என்று குடும்பத்தின் சொந்தச் சொத்தையும் முத்திரை வைத்து எடுத்துக்கொண்டார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். ராணி வென்றார்.

அரசு தரப்பு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது. 1859ல் தீர்ப்பு மாறியது. இது ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் எடுத்த நடவடிக்கை, சரியோ தவறோ அதை விசாரிக்க உள்நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். 'அரசுச் செயல்' என்ற அந்தச் சட்டக் கோட்பாட்டுக்கு இந்திய வழக்குகளில் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். காமாட்சி பாய் தோற்றாலும், 1862ல் அரசாங்கமே சொத்துகளை ராணிகளுக்குத் திருப்பித் தந்தது. அவர் அரண்மனைக்குள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

அவர்கள் வம்சம் இன்றும் இருக்கிறதா? எதையெல்லாம் பார்க்கலாம்?

இருக்கிறார்கள். பெரிய கோயில் உட்பட அரண்மனை தேவஸ்தானத்தின் 88 கோயில்களுக்குப் பரம்பரை அறங்காவலர் பொறுப்பு அந்தக் குடும்பத்துக்கு உண்டு.

சரசுவதி மகால் 1918ல் பொது நூலகமாயிற்று. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், அதற்கு முன்பே அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு விவரப் பட்டியல் தயாரித்து 1880ல் வெளியிட்டிருந்தார். நூலகத்தின் காட்சிக்கூடத்தை அவசரப்படாமல் பாருங்கள். அரண்மனைக் கணக்குகள் மோடி என்ற மராத்தி விரைவெழுத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வரலாறு படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மோடி கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சத்திரத்துக்கு வாங்கிய அரிசியிலிருந்து நாட்டியக்காரருக்குக் கொடுத்த சம்பளம் வரை அதில் எழுதியிருக்கிறது.

அரண்மனையிலிருந்து நடக்கும் தூரத்தில் சுவார்ட்ஸ் தேவாலயம். அங்கே ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தில், சாகக் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கான ஆங்கில வரிகளையும் அவரே எழுதினார்.

கடைசியாகப் பெரிய கோயிலின் தென்மேற்குத் திருச்சுற்று. ராஜராஜனின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், சுவரில் தேவநாகரி எழுத்து வரிசை வரிசையாக வரும். 1803ல் வெட்டி முடித்த போன்ஸ்லே வம்ச வரலாறு அது, மராத்தி மொழியில். நாட்டைக் கொடுத்து நான்கே ஆண்டில், தன் முன்னோர் யார், எப்படி ஆண்டார்கள் என்று சரபோஜி கல்லில் எழுதி வைத்த இடம். பெரும்பாலோர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். காலையில் போனால் வெயில் குறைவு, நின்று பார்க்கலாம்.